சட்டித்தலையருக்கு ஒரு தேங்காய்

ஒவ்வொரு சித்திரையிலும் எங்கள் பிள்ளையார் கோயிலில் நான் இரண்டு தேங்காய் உடைக்கிறேன். ஒன்று பிள்ளையாருக்கு. மற்றது ஆருக்கு என்று ஒருமுறை ஐயர் கேட்டார். "அது மலையிலை நிக்கிற ஒருத்தருக்கு, ஐயா" என்றேன். "கதிர்காமத்துக்கோ அம்மா? நல்லது, நல்லது" என்று சொல்லித் திருநீற்றைத் தந்துவிட்டுப் போனார். நானும் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் இந்த மனுசிக்கு விசர் என்று நினைத்திருப்பார்.

கதை என்னுடையது இல்லை, இவருடையது. இவர் என்றால் என் வீட்டுக்காரர், சவுந்தரநாயகம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதுவதில் தோஷமில்லை என்று நினைக்கிறேன்.

இவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நில அளவையாளர்கள் மலை மலையாக ஏறி இறங்கி அளந்துகொண்டு வருவதை இவர் கொழும்பில் மேசைக்கு முன்னால் இருந்து கோடு கோடாகக் கீறுவார். நாட்டில் இவர் கீறாத மலை இல்லை. ஏறின மலை ஒன்றும் இல்லை.

ஆனால் நடப்பார். அம்மாடி, என்ன நடை! பின்னேரம் தேத்தண்ணீர் குடித்த கையோடு வெள்ளவத்தையில் இறங்கினால், கடற்கரையோடு பம்பலப்பிட்டி வரை போய்த்தான் திரும்புவார். கடலைப் பார்க்கப் போகிறவர் மாதிரியா போவார்? கந்தோருக்குப் போகிறவர் மாதிரிச் சப்பாத்துப் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, மேல்பொத்தான் வரை பூட்டிக்கொண்டுதான். தன்னுடையதை மட்டும் பூட்டினால் பரவாயில்லை. ஆருடைய சட்டையில் பொத்தான் திறந்து கிடந்தாலும் இவருக்குக் கை அரிக்கும். என் தம்பியின் கலியாணத்தில், மணவறையில் ஏறப்போன மாப்பிள்ளைத் தோழனை மறித்து நிறுத்திக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டார். சனம் எல்லாம் பார்த்துச் சிரிக்க, எனக்குத்தான் மானம் போனது.

மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருடம் அந்த நடை நின்றது. ஒரு பின்னேரம் கடற்கரையில் ஆமியும் பொலிசும் சுற்றிவளைப்பு. கையில் அடையாள அட்டை இருந்திருந்தால் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். அன்றைக்கென்று அட்டை கழற்றிப் போட்ட சட்டையின் பைக்குள் கிடந்துவிட்டது. இவரையும் லொறியில் ஏற்றிவிட்டார்கள். நான் வீட்டில் இருந்து தலைதலையாக அடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பலீல் நானாதான் இவருடைய அட்டையை வாங்கிக்கொண்டு பொலிஸ் பொலிசாக அலைந்து, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். காலி வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். கடையைப் பூட்டிப்போட்டு அலைந்தார். அந்த நன்றிக்கு நான் என்ன செய்தாலும் காணாது.

அடிக்கவில்லை, ஏசவில்லை, தரையில் இருத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் என்று இவர் சொன்னார். குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். அதற்குப் பிறகு கேற்றுக்கு வெளியே கால் வைக்கவில்லை. அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டையோடேயே படுப்பார். நடக்க வேண்டும் என்று காலுக்குத் தோன்றினால் குசினி வாசலில் இருந்து முன் கதவு வரை, முன் கதவில் இருந்து குசினி வாசல் வரை நடப்பார். கீழ் வீட்டு நாகேந்திரம் மனுசி ஒருநாள் மேலே ஏறிவந்து, "அக்கா, குறை நினையாதேங்கோ, ஒவ்வொரு நாளும் மா இடிக்கிறியளோ?" என்று கேட்டா.

இவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. இப்படியே இரண்டு வருடம் போக, பாதம் மரக்கத் தொடங்கியது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, இவர் வெளியாலை இறங்கி நல்லா நடக்க வேணும். இப்பிடியே இருந்தா, பிறகு நடக்க ஆசைப்பட்டாலும் கால் இருக்காது" என்றார். 

கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். "நாளைக்குப் பாப்பம்" என்பார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்களே, அதுதான். அந்தப் பூனைக்குக்கூடப் பசி வந்தால் அடுப்படிக்கு வராமல் முடியாது. இவருக்குப் பென்சன் வீடு தேடி வந்தது.

அந்தச் சித்திரை வருட லீவுக்குப் பலீல் நானாவின் மனுசி ஜெஸீமா வந்து குந்தினா. "அக்கா, நாங்க மச்சிட ஊட்டுக்குப் போறம், வெலிமடைக்கு. நீங்க ரெண்டு பேரும் எங்களோட வாங்க. வேன்ல எடம் ஈக்கி. சும்மா ஊட்டுக்குள்ள அடைஞ்சி கெடந்து என்ன செய்ய?"

இவர் மாட்டேன் என்றார். பின்னால் வந்து நின்ற பலீல் நானா, "ஐயா, நான் ஈக்கன்தானே" என்றார்.  தன்னைத் தேடிவந்து கூட்டிப்போன மனிதருக்கு எப்படி இல்லை என்பது? இவர் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

வழியெல்லாம் ஆமி மறிப்புகள்தான். ஒவ்வொரு இடத்திலும் வேன் நிற்க முன்பே இவர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நெற்றி வேர்த்து இருப்பார். பலீல் நானா இறங்கி, சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டு, "ஐயா எங்கட ஆள்" என்று சொல்லி ஏறுவார். இரத்தினபுரி தாண்ட நான் தெரிந்த பிள்ளையாரையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன். வேன் மலை ஏற ஏற ஜெஸீமா எனக்குப் புளிப்பு இனிப்பு தந்துகொண்டே வந்தா. அதனால்தான் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தேன்.

பலீல் நானாவின் தங்கச்சி ரபீக்காவின் வீடு, பட்டணத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மலையின் அடியில் இருந்தது. என்ன குளிர்! என்ன காற்று! நாங்கள் சைவம் என்று தெரிந்து ரபீக்கா புதுச் சட்டி பானை வாங்கி வைத்திருந்தா. "இது ஒங்களுக்கெண்டே வாங்கின. எறச்சி படல்ல, பயப்படாமத் தின்னுங்க" என்றா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தச் சகோதரங்கள் கனடாவில் இருந்து ரெலிபோனில் புத்தி சொல்கிற காலத்தில், ஆரோ ஒரு தங்கச்சி எங்களுக்கு என்று சட்டி வாங்கி வைக்கிறா.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை மலைக்கு ஏறியது. உச்சியில் நாலைந்து யூக்கலிப்டஸ் மரங்கள். ஆள் நடமாட்டமே இல்லை. விறாந்தையில் கதிரை போட்டு இருந்துகொண்டு இவர் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, மேலை ஆமிக் காம்ப் ஏதும் இருக்கோ?" என்று ரபீக்காவிடம் கேட்டார்.

"காம்பா? போஞ்சியும் கோவாவும் போட்ட தோட்டம்தான் ஈக்கி" என்று அவ சிரித்தா.

அப்படியும் அசையவில்லை. வந்த அன்றும் விறாந்தை, அடுத்த நாளும் விறாந்தை. கொழும்பில் குசினியில் இருந்து கதவு வரை நடந்த மனிதர் இங்கே அதையும் விட்டுவிட்டார். எனக்கு அடக்கிவைத்த ஆத்திரம் எல்லாம் ஒரு காலையில் பொங்கிக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் உந்தக் கதிரையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ. நான் போறன்."

"எங்க போறீர்?"

"உந்த மலைக்கு."

"உமக்கு முழங்கால் ஏலாது. சிங்களமும் கதைக்கத் தெரியாது. ஆரும் மறிச்சா என்ன செய்வீர்?"

"ஊமை எண்டு நினைச்சு விடுவங்கள்" என்று சொல்லிக்கொண்டு, சாதாரண வீட்டுச் செருப்போடு இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். கொஞ்சத் தூரம் போக முழங்கால் நொந்தது. இனித் திரும்பினால் மானக்கேடு, ஏறினால் கால் போய்விடும். என்ன செய்வது என்று நிற்க, பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சட்டை உள்ளே விட்டு, மேல்பொத்தான் பூட்டி, பையைத் தடவிக்கொண்டு இவர் வருகிறார்!

"மெல்ல நடவும். கல்லு வழுக்கும்" என்றார்.  வாயைத் திறந்தால் குழப்பிவிடுவேன் என்று உள்ளுக்குள்ளே கந்தசஷ்டி சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மலை அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. கொழும்பில் வீட்டுக்குள் இருந்தாலும் காலி வீதி பஸ் சத்தம் காதுக்குள் இருக்கும். ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். இங்கே எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் எங்களுக்கே கேட்டது. பாதை வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு வளைவு தாண்டினதும் இவர் நின்று கீழே பார்த்தார். வயல் எல்லாம் படி படியாகத் தெரிந்தது.

"இஞ்ச பாரும். கோடுகள் கிட்டக்கிட்ட வந்தா அது செங்குத்து. விலகிப் போனா அது சமதரை. முப்பது வருஷம் நான் கீறினது இதைத்தான்" என்றார். இரண்டு வருடத்தில் இவர் இவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான். நான் பெரிய விஷயம் கண்ட மாதிரித் தலையை ஆட்டினேன். சத்தியமாக எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. இவருடைய முகத்தைத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் பனிப்புகார் இறங்கியது. அந்தப் பக்கத்தில் அது சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரு கணத்தில் வயலும் இல்லை, வீடும் இல்லை, எங்கள் காலடி மட்டும் இருந்தது. "திரும்புவம்" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்த வளைவில், பாதையின் ஓரத்தில், ஒருவன் நின்றான். பச்சைச் சட்டை. நல்ல உயரம். கையில் நீளமாக என்னவோ. எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றான்.

ஐயோ கடவுளே! நான் இந்த மனிதரை எங்கே கொண்டுவந்து மாட்டினேன்? ஆருமில்லாத மலையில், பலீல் நானாவும் இல்லாத இடத்தில், இரண்டு தமிழர் புகாருக்குள்ளால் ஏறி வந்தால் என்ன நினைப்பான்? என் கை தானாகக் கைப்பையைத் திறந்து என் அட்டையை எடுத்தது. இவர் என்னைப் பின்னால் தள்ளி எனக்கு முன்னே வந்து நின்றார். உறையோடு அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் பேச வராதே தவிர விளங்கும். தான் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர் என்றார். வெள்ளவத்தையில் வீடு என்றார். லீவுக்கு வந்தது, கீழே ரபீக்கா வீட்டில் தங்கியிருப்பது எல்லாம் சொன்னார்.

அவன் பேசவில்லை.

இவர் இன்னும் இரண்டு அடி முன்னே போனார்.  "மஹத்தயா, இவ என்ர மனுசி. சுகமில்லாதவ. பாஷை தெரியாது. அவவை ஒண்டும் கேக்க வேண்டாம். என்ன கேக்கிறதெண்டாலும் என்னைக் கேளுங்கோ" என்று சிங்களத்தில் சொன்னார்.

இந்த மனிதரையா நான் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னேன்? அவ்வளவு பயத்திலும் இவருடைய கால் பின்னால் போகவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு இவரை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

காற்று ஒன்று வீசியது. புகார் விலகியது. அவனுடைய ஒரு கை மேலே எழும்பி, படபடவென்று அடித்து, கீழே விழுந்தது. சட்டைக் கைக்குள் கை இல்லை. கழுத்துக்கு மேலே கரிப்பிடித்த ஒரு சட்டி. அதில் சுண்ணாம்பால் இரண்டு கண்ணும் ஒரு மீசையும். துவக்கு என்று நினைத்தது தகரம் கட்டின தடி. போஞ்சிப் பாத்தியின் மூலையில் நட்டிருந்த வெருளி! இவருடைய அட்டை அதன் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்குப் பச்சையெல்லாம் ஆமி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது, முந்தினதைவிடப் பெரிய பயம். முடிந்தது கதை, என்று நினைத்தேன். இந்த வெட்கத்தோடு இவர் கீழே இறங்கினால், இனி எந்தப் பிள்ளையார் வந்து கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார். காலும் போகும், ஆளும் போகும். இவர் அட்டையை நீட்டினபடி அப்படியே நின்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

பாத்திக்குள் இருந்து ஒரு சிங்கள மனிதர் எழும்பி வந்தார். வயதானவர், சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வெருளியைப் பார்த்தார்.

"மஹத்தயா, ஏக்க பம்பயெக்" என்றார் மெதுவாக. ஐயா, அது வெருளி. கேலி இல்லை. தன் வெருளி ஒருவரைக் கரைச்சல்படுத்திவிட்டதே என்கிற மாதிரிச் சொன்னார்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக இவர் சிங்களத்தில், "ஆருக்கு வைச்சது?" என்று கேட்டார்.

"பன்றிக்கு. இரவிலே வந்து பாத்தியெல்லாம் கிண்டிப்போடுது."

"இதைக் கண்டு பயப்படுமோ?"

அந்த மனிதர் சலித்துப்போய்க் கையை விரித்தார். "முதல் கிழமை பயந்தது, மஹத்தயா. பிறகு பழகிட்டுது. இப்ப வந்து இவனிலைதான் முதுகு சொறியுது."

இவர் அந்தச் சட்டித் தலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "இஞ்சாரும், பண்டி ஒரு கிழமையிலை தெளிஞ்சிட்டுது. எனக்கு ரெண்டு வருஷமாத் தெளியேல்லை" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கண்ணால் தண்ணீர் ஓடியது. நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. தமிழ் விளங்காத அந்த மனிதரும் எங்களைப் பார்த்து, பல்லில்லாத வாயால் சிரித்தார். அந்த மலையில் எங்கள் சத்தம் எதிர்ப்பக்கத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வெளியிடத்தில் நாங்கள் இப்படிச் சத்தமாகச் சிரித்து எத்தனை காலம்!

அட்டையைப் பைக்குள் வைத்தார். வைத்த கை சும்மா வரவில்லை. வெருளியின் சட்டையில் மேல்பொத்தான் திறந்து கிடந்தது. அதைப் பூட்டி, கொலரை இழுத்து நேராக்கிவிட்டார்.

"இப்பதான் பார்க்க மனுசன் மாதிரி" என்றார்.

அந்த மனிதர் தன் கொட்டிலுக்குப் போய், புதுவருடத்துக்குச் சுட்ட கொக்கிஸ் பலகாரம் நாலைந்தை வாழை இலைத் துண்டில் கொண்டுவந்து தந்தார். சீனி வருத்தக்காரர் இரண்டு தின்றார். நான் காணாத மாதிரி மற்றப் பக்கம் பார்த்தேன். பிறகு இவர், "உச்சிக்குப் போவம்" என்றார். நான் கேட்கவில்லை, இவரேதான் சொன்னார். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நான் ஏற, இவர் முன்னுக்குப் போய் நின்று கை தந்தார். யூக்கலிப்டஸ் மரத்தடியில் இருந்து கீழே பார்த்தோம். அங்கே என்ன தெரிந்தது என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை. இவர் பக்கத்தில் இருந்து மூச்சு வாங்கினது மட்டும் நினைவிருக்கிறது. நடந்து களைத்த மூச்சு.

இறங்கிவந்து சொன்னபோது ஜெஸீமா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டா. பலீல் நானா சிரிக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப்போய் முகத்தைக் கழுவினார்.

இருந்த மற்ற நாட்களெல்லாம் காலையில் மலைக்குப் போனோம். பம்பயாவுக்கு இவர் "குட் மோர்னிங்" சொல்வார். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. மலை வேறு, வெள்ளவத்தை வேறு. அங்கே நிற்கிறவர்களுக்குச் சட்டித் தலை இல்லையே.

கொழும்புக்கு வந்த மறுநாள் பின்னேரம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இவர் சப்பாத்தைப் போட்டார்.  கேற்றைத் திறந்து போனார். பல்கனியில் நின்று பார்த்தேன். ரயில் கடவையடியில் எப்போதும் நிற்கிற காவல் அரண். அதற்குள் இருந்து ஒரு ஆமிக்காரன் வெளியே வந்து இவரை மறித்தான். இவர் அட்டையை நீட்டினார். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் கை பல்கனிக் கம்பியில் ஒட்டிப்போனது. அவன் என்னவோ கேட்டான், இவர் என்னவோ சொன்னார். பிறகு கடவையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் மறைந்தார்.

பொழுதுபட்ட பிறகு வந்தார். கையில் ஒரு பொட்டலம் அவித்த கடலை. சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மறிச்சவனெல்லோ?"

"ஓம்."

"என்ன கேட்டவன்?"

"எங்க போறியள் எண்டு கேட்டான். நடக்கிறன் எண்டனான். சின்னப் பொடியன், நல்லா வேர்த்துப்போய் நிக்கிறான்" என்றார். பிறகு சப்பாத்தை மூலையில் வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். "மேல்பொத்தான் திறந்து கிடந்தது, இஞ்சாரும். எனக்குக் கை போகப் பாத்தது. நல்லகாலம், அட்டையை அவன் அந்த நேரம் திருப்பித் தந்ததாலை கை அதிலை பிடிச்சிட்டுது."

நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வெள்ளிதான் முதன்முதலாக இரண்டு தேங்காய் வாங்கினது. சண்டை இன்னும் முடியவில்லை, அரணும் அங்கேயேதான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இவர் வீட்டில் இல்லை, நடக்கப் போயிருக்கிறார்.